வந்துட்டே இருக்காராம்!

காலைல எழுந்திருக்கும்போதே ஒரு மனுஷிக்கு அலுப்பா இருக்குன்னா, ராத்திரி தூங்கின தூக்கத்துக்கு என்னங்க அர்த்தம்? பத்தரைக்குப் படுத்து அஞ்சரைக்கு எழுந்திருக்கேன். ஏழு மணி நேரம். கணக்குல குறையே இல்லை. ஆனா பிரஷ்ல பேஸ்ட் வைக்கும்போதே, திரும்ப எப்ப ராத்திரி வரும், எப்ப படுக்கலாம்னு இருக்கு. பொழுது விடிஞ்சே பத்து நிமிஷம்தான் ஆகுது!

எனக்கு மட்டும்னா சரி, வயசாகுதுன்னு விட்டுடலாம். காலைல தாம்பரம்-பீச் ட்ரெயின்ல ஏறிப் பாருங்க. லேடீஸ் கோச் முழுக்கத் தூங்குது. கம்பியைப் பிடிச்சு நின்னுட்டே தூங்குற பொண்ணுங்க. கழுத்துல காலேஜ் ஐடி கார்டு தொங்குது, கண்ணுக்குக் கீழ கருவளையம். 'எப்படி இருக்கீங்க'ன்னு கேட்டா முன்னெல்லாம் 'நல்லா இருக்கேன்'னு ஒரு பொய்யாவது சொல்வாங்க. இப்ப அந்தப் பொய்யைச் சொல்லக்கூடத் தெம்பு இல்லை. 'இருக்கேன், ஒரே டயர்டு.' முடிஞ்சது.

அப்படி என்னதான் வெட்டி முறிக்கிறோம்? எங்க பாட்டி நெல்லு குத்தினாங்க, கிணத்துல தண்ணி சேந்தினாங்க, விறகடுப்புல ஒரு கூட்டத்துக்கே வடிச்சுக் கொட்டினாங்க. (அந்தக் காலம் பொற்காலம்னு நான் சொல்ல வரலை. பாட்டி பட்ட பாடு பாட்டிக்குத்தான் தெரியும்.) எனக்கு மிக்ஸி இருக்கு, கிரைண்டர் இருக்கு, வாஷிங் மெஷின் இருக்கு. ஆபீஸ்ல அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன், உட்கார்ந்து பார்க்கற வேலை, தலைக்கு மேல ஏ.சி. உடம்பை வளைச்சு நான் செய்யற வேலைன்னு பார்த்தா ரொம்பக் கம்மி. அப்புறம் யாருங்க என்னை இப்படிப் பிழிஞ்சு எடுக்கறது?

எனக்குத் தோணுறதைச் சொல்லிடறேன். வேலை செஞ்சு நாம டயர்டு ஆகலை. வேலை நடக்குதா, நடக்குதான்னு பின்னாடியே அலைஞ்சு டயர்டு ஆகுறோம். இந்த ஊர்ல எதுவும் தானா நடக்காது. சொன்னாலும் நடக்காது. காசு கட்டினாலும் நடக்காது. போன் பண்ணணும், மறுபடி பண்ணணும், ஞாபகப்படுத்தணும், கெஞ்சணும், கத்தணும், கடைசியில நாமளே நேர்ல போய் நிக்கணும். அவங்கவங்க வாழ்க்கைக்கு அவங்கவங்களே ஃபாலோ-அப் கிளார்க். சம்பளமும் கிடையாது, ரிட்டயர்மென்ட்டும் கிடையாது.

தண்ணி லாரியையே எடுத்துக்கோங்க. காலைல ஏழு மணிக்கு வர்றேன்னு முந்தின நாளே சொல்லியாச்சு. பணமும் ஜீபேல போயாச்சு. ஏழேகாலுக்குப் போன் போட்டா, 'வந்துட்டே இருக்கேன்மா, பிரிட்ஜ் கிட்ட இருக்கேன்.' எந்த பிரிட்ஜ்? அது அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் வெளிச்சம். இங்க நான் கேட்டைத் திறந்து வெச்சாச்சு. சம்ப் மூடியைக் கடப்பாரையால நெம்பி நகர்த்தியாச்சு. கீழ் வீட்டு சார் காரை எடுத்துத் தெருவுல விட்டுட்டு, பனியனோட வாசல்ல நிக்கறார். லாரி வந்துட்டுப் போனதும் காரை உள்ள போட்டுட்டுத்தான் அவர் குளிக்கப் போகணும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை, 'என்னம்மா, வந்தானா?' நான் என்னமோ லாரியை மடியில ஒளிச்சு வெச்சிருக்கற மாதிரி என்னையே பார்க்கறார்.

தெருவுல டீசல் இன்ஜின் சத்தம் கேக்குது. ஓடிப் போய்ப் பார்த்தா குப்பை வண்டி. மறுபடி சத்தம். ஸ்கூல் பஸ். அடுப்புல குக்கர் மூணாவது விசில் அடிச்சதா, ரெண்டாவதா? காது முழுக்கத் தெருவுலதானே இருக்கு. எட்டு மணிக்குப் போன் பண்ணா எடுக்கலை. எட்டரைக்கு, 'இதோ டர்னிங்மா.' ஒன்பது மணிக்கு ஆபீஸுக்குப் பெர்மிஷன் மெசேஜ் போட்டு, அதுக்கு மேனேஜர் தம்ப்ஸ்-அப் போட்டதைப் பார்த்து, அந்தக் கட்டை விரல்ல கோபம் இருக்கா இல்லையான்னு ஆராய்ச்சி பண்ணி... ஒன்பதரைக்கு இனி முடியாதுன்னு கிளம்பிட்டேன். பதினொன்றரைக்கு லாரிக்காரர் போன்: 'வந்து ஹார்ன் அடிச்சேன், வீட்ல ஆளே இல்லையேம்மா. திரும்பிட்டேன்.' மாமியார் உள்ளதான் இருந்தாங்க. அவங்களுக்குக் காது சரியாக் கேக்காது.

இப்ப சொல்லுங்க. ஏழுலேருந்து ஒன்பதரை வரைக்கும் நான் என்ன வேலை செஞ்சேன்? ஒண்ணுமே இல்லை. சும்மா நின்னேன். ஆனா அன்னைக்கு ட்ரெயின்ல உட்கார்ந்தப்ப, தோள்பட்டை ரெண்டும் காது வரைக்கும் ஏறி இறுகிக் கிடக்குது. தாடை வலிக்குது. பல்லைக் கடிச்சுட்டே இருந்திருக்கேன், எனக்கே தெரியலை.

இதுக்குப் பின்னாடி இருக்கற சங்கதி ஒண்ணும் மாயம் இல்லை. ரெண்டு கிட்னி மேலயும் குல்லா போட்ட மாதிரி ஆளுக்கொரு சுரப்பி உட்கார்ந்திருக்கு. அட்ரினல். ஆபத்துன்னு மூளை சொன்ன உடனே அட்ரினலின் பாயும், இதயம் படபடன்னு அடிக்கும். பின்னாடியே கார்டிசால் வந்து, சேமிப்புல இருக்கற சர்க்கரையை எடுத்து ரத்தத்துல விடும். ஓடு, இல்லைன்னா சண்டை போடு. சில நிமிஷ வேலைக்கான ஏற்பாடு இது. 1936ல மான்ட்ரியால்ல ஹான்ஸ் செல்யேன்னு ஒருத்தர் எலிகளை வெச்சுப் பார்த்தார். குளிர்ல போட்டாலும் சரி, ஓட ஓட விரட்டினாலும் சரி, விஷத்தை ஏத்தினாலும் சரி, எலிகளுக்கு உள்ள ஒரே மாதிரிக் கோளாறு. அட்ரினல் வீங்கியிருக்கு, எதிர்ப்பு சக்திக்கான தைமஸ் சுருங்கியிருக்கு, வயித்துல புண்ணு. முதல்ல உடம்பு பதறும், அப்புறம் தாக்குப்பிடிக்கும், அப்புறம் ஒரேயடியா ஓய்ஞ்சுடும்னு மூணு கட்டமா அவர் பிரிச்சு எழுதினார். தாக்குப்பிடிக்கற அந்த நடுக்கட்டத்துலதான் நாம எல்லாரும் இப்பவே குடியிருக்கோம்னு எனக்குச் சந்தேகம்.

ராபர்ட் சப்போல்ஸ்கின்னு ஒரு ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர், 'வரிக்குதிரைக்கு ஏன் அல்சர் வர்றதில்லை'ன்னு தலைப்பு வெச்சே 1994ல புத்தகம் எழுதினார். சிங்கம் துரத்தும், வரிக்குதிரை ஓடும், சில நிமிஷத்துல ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுடும். தப்பிச்சா, அது பாட்டுக்குப் புல்லு மேயும். நியாயம்தானே? 'சார், நேத்து துரத்துறேன்னு சொன்னீங்களே, இன்னும் காணோமே'ன்னு வரிக்குதிரை சிங்கத்துக்குப் போன் பண்றதில்லை. நாம பண்றோம். வராத ஆபத்துக்கும், வரப்போற செலவுக்கும், வந்துட்டே இருக்கற லாரிக்கும் நம்ம உடம்புல அதே அட்ரினலின், அதே கார்டிசால். ஸ்டாண்டுல நிக்கற ஆட்டோவோட இன்ஜினை ஆஃப் பண்ணாம விட்டா என்ன ஆகும்? ஒரு அடி நகர்ந்திருக்காது. பெட்ரோல் தீர்ந்திருக்கும்.

அதுலயும் பாருங்க, இந்தக் கார்டிசாலுக்குன்னு ஒரு டைம்டேபிள் உண்டு. விடியற்காலைல ஏறும், எழுந்த கொஞ்ச நேரத்துல உச்சத்துக்குப் போகும், பொழுது சாயச் சாய இறங்கி நடுராத்திரி அடியில கிடக்கும். காலைத் தெம்பும் ராத்திரித் தூக்கமும் அதோட கணக்கு. மாசக்கணக்கா டென்ஷன்லயே ஓடினா பலருக்கு இந்த ஏத்த இறக்கம் மழுங்கிப்போகுது. காலைல ஏற வேண்டியது சரியா ஏறாது, ராத்திரி இறங்க வேண்டியது இறங்காது. என் கதை அப்படியே இதுதான். சாயங்காலம் ஆறு மணிக்கு என்னைத் தூக்கிப் பாடையில வெச்சாலும் எதிர்த்துக் கேக்க மாட்டேன். ராத்திரி பதினோரு மணிக்குப் படுக்கையில கண்ணு ரெண்டும் பளிச்சுன்னு முழிச்சுக்கும். கேஸ் புக் பண்ணோமா? பையனுக்கு செமஸ்டர் ஃபீஸ் கடைசித் தேதி எது? பத்தரைக்குப் படுத்தேன்னு சொன்னேனே ஒழிய, பத்தரைக்குத் தூங்கினேன்னு நான் சொல்லலையே!

சும்மா இருக்கற நேரத்துலயாவது இந்தப் போன் சும்மா இருக்கா? தெரியாத நம்பர். எடுத்தா, 'மேடம், பெர்சனல் லோன் ப்ரீ-அப்ரூவ்டு...' இந்த மாதிரி போன் வராம இருக்க 1909ங்கற நம்பர்ல டி.என்.டி. பதிவு பண்ணியாச்சு, அது ஒரு பக்கம் இருக்கட்டும். எடுக்காம விடலாம்ல? விட முடியாதே. தெரியாத நம்பர்லதான் கூரியர் பையன் கூப்பிடறான். தெரியாத நம்பர்லதான் லாப் ரிப்போர்ட் ரெடின்னு கூப்பிடறாங்க. ஒரு தடவை எடுக்கலை. சாயங்காலம் பார்சலைத் தேடினா, 'கஸ்டமர் வீட்டில் இல்லை'ன்னு மெசேஜ். நாள் முழுக்க வீட்லதான் உட்கார்ந்திருந்தேன்! அதனால ஒவ்வொரு ரிங்குக்கும் நெஞ்சு ஒரு தடவை துள்ளணும், எடுக்கணும், 'வேணாம்பா'ன்னு சொல்லணும், வைக்கணும். எடுத்தாலும் எரிச்சல், எடுக்கலைன்னாலும் நஷ்டம்.

கடைசியில டாக்டர்கிட்டயே போனேன். ஆறரைக்கு டோக்கன். டாக்டர் வந்தது எட்டு. நடுவுல ரிசப்ஷன் பொண்ணுகிட்ட கேட்டா, வேற என்ன, 'சார் வந்துட்டே இருக்கார்'. உள்ள போய், 'எப்பவும் அசதியா இருக்கு டாக்டர்'னேன். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, வைட்டமின் டி, மூணு மாசச் சர்க்கரைன்னு எழுதிக் குடுத்தார். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அசதின்னா முதல்ல ரத்தத்தைத்தான் பார்க்கணும். 2019-21ல எடுத்த தேசியக் குடும்பநல சர்வேப்படி இந்த நாட்டுல 15 வயசுலேருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல! 'மனசுதான் காரணம்'னு சொல்லி இரும்புச்சத்து இல்லாதவளை யோகாவுக்கு அனுப்பறது பாவம். நீங்களும் டயர்டா இருந்தா முதல்ல டெஸ்ட் எடுங்க, அப்புறம் என் புலம்பலைப் படிங்க.

எனக்கு எல்லாம் நார்மல். ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு டாக்டர் சொன்னார், 'ஸ்ட்ரெஸ்தான்மா. டென்ஷன் ஆகாதீங்க.' அவ்வளவுதான் வைத்தியம். டென்ஷன் ஆகாதீங்க. சளி பிடிச்சவன்கிட்ட போய்த் தும்மாதேன்னு சொல்லுவாங்களா? ஒன்றரை மணி நேரம் வெளிய காக்க வெச்ச மனுஷன் சொல்றார் இதை! 'நல்லாத் தூங்குங்க, காபியைக் குறைங்க'ன்னார். காபி விஷயத்துல அவர் சொன்னது சரிதான். தூக்கம் வரணும்னு மூளைக்குச் சொல்ற அடினோசினோட வழியை அடைச்சுக்கிட்டு நிக்கறதுதான் கஃபீன். களைப்பு போகாது, களைச்சிருக்கோம்னு தெரியாது, அவ்வளவுதான். சுமார் அஞ்சு மணி நேரம் ஆனாலும் பாதி உடம்புலயே நிக்கும். ஆனா சாயங்காலம் நாலு மணிக்கு அந்த அரை டம்ளர் காபியும் இல்லைன்னா, கிளைகள்லேருந்து வராத பில்லுக்கெல்லாம் நான் எப்படிங்க போன் பண்றது? மாசா மாசம் 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் எனக்காகக் காத்திருக்குமா?

வீட்டுக்கு வருவோம். எங்க வீட்டுக்காரர் நல்லவர். இதை முதல்லயே சொல்லிடறேன், அவர் இதைப் படிப்பார். பாத்திரம் தேய்ப்பார், துணி மடிப்பார், கடைக்குப் போவார். எல்லாம் செய்வார், சொன்னா. இட்லி மாவு தீர்ந்துபோச்சுன்னு ராத்திரி எட்டு மணிக்குத் தெரியவந்தா, ரொம்பப் பாசமா ஒரு வாக்கியம் வரும்: 'நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வரும்போதே வாங்கிட்டு வந்திருப்பேனே!' அந்த ஒரு வார்த்தை இருக்கே, அதுதாங்க என் உயிரை எடுக்குது. மாவு எவ்வளவு இருக்குன்னு பார்க்கறது நான். எப்ப தீரும்னு கணக்குப் போடறது நான். யார்கிட்ட எப்ப சொல்லணும்னு ஞாபகம் வெச்சுக்கறதும் நான். வாங்கிட்டு வர்ற கடைசி அஞ்சு நிமிஷம் மட்டும் அவர். 2024ல எடுத்த மத்திய அரசு நேரப் பயன்பாட்டு சர்வேல, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பொம்பளைங்க ஒரு நாளைக்கு 289 நிமிஷம், ஆம்பளைங்க 88 நிமிஷம்னு வந்திருக்கு. அதுவும் வீட்டு வேலையில கை வெக்கற ஆம்பளைங்களோட கணக்கு மட்டும். 289 நிமிஷத்துல சமைக்கறது வரும், பெருக்கறது வரும். சம்ப் மோட்டரைப் போட்டுட்டு, சீரியல் பார்க்கற மாதிரி பார்த்துட்டு, மேல டேங்க் நிரம்பி வழியற சத்தத்துக்கு ஒரு காதை வெச்சுட்டு உட்கார்ந்திருக்கறது எந்தக் கணக்குல வரும்?

மாமியார் பென்ஷன் விஷயத்தைச் சொல்லாம இருக்க முடியலை. அவங்களுக்கு ஃபேமிலி பென்ஷன். வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோட இருக்கறதுக்குச் சான்று தரணும். தரட்டும், தப்பில்லை. செத்தவங்க பேர்ல பணம் எடுக்கறவங்களும் இருக்காங்களே. 2014லயே இதைக் கம்ப்யூட்டர் மயமாக்கிட்டாங்க, கைரேகை வெச்சாப் போதும். கைரேகை! ஐம்பது வருஷம் புளி கரைச்சு, சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்ச்ச கட்டை விரல்ல ரேகை எங்கங்க இருக்கு? ஒரு ஆபீஸ்ல உட்கார வெச்சாங்க. மெஷின்ல சிவப்பு லைட். 'இன்னொரு தடவை வைங்க பாட்டி.' சிவப்பு. 'அழுத்தாதீங்க.' சிவப்பு. 'கொஞ்சம் அழுத்துங்க.' சிவப்பு. 'தலைமுடியில தேய்ச்சுட்டு வைங்க, எண்ணெய் பட்டா எடுக்கும்.' பாவம், கொண்டையை அவுத்துத் தேய்க்கறாங்க. சிவப்பு. முகத்தைக் காட்டியே சான்று எடுக்கற வசதி 2021லயே வந்தாச்சேன்னு கேட்டேன். 'அது இங்க பண்றதில்லைம்மா.' அப்புறம் சர்வர் டவுன். மதியம் வாங்க. மாமியார் அந்தப் பையனைப் பார்த்து நிதானமா கேட்டாங்க, 'ஏம்பா, இவ்வளவு நேரமா உன்கூடப் பேசிட்டு இருக்கறது யாரு?'

ஆட்டோல வரும்போது ரெண்டு பேரும் பேசிக்கலை. வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு மூலையில படுத்துட்டோம். உடம்பு நோவுக்குன்னு ஒரு காரணமும் இல்லை, காய்ச்சலும் இல்லை, ஆனா காய்ச்சல் கண்ட மாதிரி அடிச்சுப்போட்ட வலி. அதுக்கும் ஒரு காரணம் சொல்றாங்க. காய்ச்சல் வந்தா நம்மளைப் படுக்க வைக்கறது கிருமி மட்டும் இல்லை, நம்ம உடம்பே சுரக்கற சில ரசாயனங்கள். நாள்பட்ட டென்ஷன்லயும் அதே ரசாயனங்கள் கொஞ்சம் கொஞ்சமா கூடுதாம். டென்ஷன் காயத்தைக்கூடச் சீக்கிரம் ஆற விடாதாம். 1995ல அமெரிக்காவுல ஓஹையோவுல ஒரு சோதனை பண்ணாங்க. மறதி நோய் வந்த சொந்தக்காரங்களை வீட்ல வெச்சுப் பார்த்துக்கற 13 பொம்பளைங்க, அதே வயசுல அந்தப் பாரம் இல்லாத 13 பொம்பளைங்க. எல்லாருக்கும் கையில ஒரே அளவுல சின்னக் காயம். பார்த்துக்கற பொம்பளைங்களுக்குக் காயம் ஆற சராசரியா 9 நாள் கூட ஆச்சு. சின்ன சோதனைதான், 26 பேர்தான். ஆனா படிச்சப்ப, நான் என் கையில இருக்கற குக்கர் சுட்ட தழும்பைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு இருந்தேன்.

இதுக்கெல்லாம் எங்க ஆபீஸ்ல தீர்வு கண்டுபிடிச்சிருக்காங்க. ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட் வொர்க்‌ஷாப். என்னைக்கு? ரெண்டாவது சனிக்கிழமை. லீவு நாள்! வரலைன்னா ஹெச்.ஆர். லிஸ்ட்ல பேர் போகும். ஒரு டிரெய்னர் வந்தார், தாடி, காட்டன் குர்தா. 'கண்ணை மூடுங்க. மூச்சை இழுங்க. பிடிக்காததை எல்லாம் விட்டுடுங்க'ன்னார். எதை சார் விடறது? 20ஆம் தேதியையா, பென்ஷனையா, லாரிக்காரரையா? கண்ணை மூடினதும் பாதிப் பேர் உண்மையிலேயே தூங்கிட்டாங்க. அன்னைக்கு உருப்படியா நடந்தது அது ஒண்ணுதான். திங்கட்கிழமை ராத்திரி பத்தே முக்காலுக்கு குரூப்ல மெசேஜ்: 'வொர்க்‌ஷாப் ஃபீட்பேக் ஃபார்ம் இன்னும் சிலர் அனுப்பவில்லை. அர்ஜென்ட்.' வேலை செய்யற இடத்துல தீராம கிடக்கற டென்ஷனால வர்றதுதான் பர்ன்-அவுட்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல தெளிவா எழுதி வெச்சிருக்கு. கோளாறு வேலை செய்யற இடத்துல. மூச்சுப் பயிற்சி எனக்கு!

இதுல ஒரு வியாபாரம் வேற. இன்ஸ்டாகிராமைத் திறந்தா 'அட்ரினல் ஃபட்டீக்'னு ஒருத்தர் பயமுறுத்தறார். உங்க அட்ரினல் சுரப்பி களைச்சுப்போச்சு, எங்க பவுடரைக் கலக்கிக் குடிங்கன்னு. அப்படி ஒரு நோயே கிடையாதுன்னு ஹார்மோன் டாக்டர்களோட சங்கங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியாச்சு. நிஜமாவே அந்தச் சுரப்பி வேலை செய்யலைன்னா அது பெரிய வியாதி, பவுடர்ல தீராது. நாட்டு மருந்துக் கடையில சாக்குல கிடக்கற அமுக்கராக் கிழங்கு இப்ப அஸ்வகந்தா கம்மீஸ் ஆகி, கரடி பொம்மை உருவத்துல டப்பாவுல வருது. மாசத் தவணை கட்ட முடியாத கவலைக்கு மருந்து, அதையும் இ.எம்.ஐ.ல வாங்கலாமாம்.

எரிச்சல்லயும் எனக்கு ஒண்ணு புரியாம இல்லை. நானாவது மேனேஜருக்கு மெசேஜ் போட்டு லேட்டா போறேன். பின் வீட்டுப் பொண்ணு தி.நகர்ல ஒரு ஜவுளிக்கடையில சேலை எடுத்துப் போடறா. பத்து மணி நேரம் நிக்கணும். கடையில வேலை செய்யறவங்க உட்கார சீட்டு தரணும்னு தமிழ்நாட்டுல 2021லயே சட்டம் வந்தாச்சு. கேட்டேன். சிரிச்சா. 'சேர் இருக்கு அக்கா. அதுல உட்கார்ந்தா சூப்பர்வைசர் பார்ப்பாரு. அவர் பார்ப்பாரேன்னு பயந்துட்டே உட்கார்றதுக்கு நின்னுடலாம்.' லண்டன்ல அரசாங்க ஊழியர்களை 1967லேருந்து ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, வைட்ஹால் ஆராய்ச்சின்னு பேர். மைக்கேல் மார்மட் எழுதினதுதான் அதுல பிரபலம். பெரிய பொறுப்புல இருக்கறவனுக்குத்தான் டென்ஷன், அவனுக்குத்தான் ஹார்ட் அட்டாக்னு நினைச்சா, கணக்கு தலைகீழா வந்துச்சு. மேல் மட்ட ஆபீசர்களைவிட கடைநிலை ஊழியர்கள் சாகற விகிதம் மூணு மடங்கு. சிகரெட்டு, பிரஷர் எல்லாம் கழிச்சுப் பார்த்தும் வித்தியாசம் போகலை. அடுத்த கட்ட ஆராய்ச்சியில தெரிஞ்சது, தன் வேலை தன் கையில இல்லாதவனுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. எப்ப எழுந்திருக்கலாம், எப்ப உட்காரலாம்னு இன்னொருத்தர் முகத்தைப் பார்த்து முடிவு பண்ற எல்லாருக்கும்.

மேல உட்கார்ந்திருக்கறவங்க என்ன சொல்றாங்க? 2023ல இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கணும்னார். 2025 ஜனவரியில எல் அண்ட் டி தலைவர் 90 மணி நேரம்னு ஏலத்தை ஏத்தினார். ஞாயித்துக்கிழமை வீட்ல உட்கார்ந்து எவ்வளவு நேரம் பொண்டாட்டி முகத்தையே பார்த்துட்டு இருப்பீங்கன்னு ஒரு கேள்வி வேற. ஐயா, ஞாயித்துக்கிழமை எந்த வீட்டுப் பொண்டாட்டி சும்மா முகத்தைக் காட்டிட்டு உட்கார்ந்திருக்கா? ஒரு வாரத்துக்கான உளுந்தை யார் ஊறவைக்கறது? வாரத்துக்கு 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை செய்யறவங்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடன்னு உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021ல சொன்னதை அவங்க கம்பெனி டாக்டராவது எடுத்துக் காட்டியிருக்கலாம்.

எனக்கு வேலை குறையணும்னுகூட இல்லைங்க. வேலை எனக்குப் பழகினதுதான். செவ்வாய்க்கிழமை பிளம்பர் வர்றேன்னா செவ்வாய்க்கிழமை வரட்டும். ஏழு மணி லாரி ஏழு மணிக்கு வேணாம், எட்டுக்கு வரட்டும், ஆனா எட்டுன்னு முதல்லயே சொல்லட்டும். மாவு தீர்ந்துபோச்சுன்னு வீட்ல இன்னொருத்தர் கண்ணுக்கும் தெரியட்டும். வர முடியலைன்னா 'இன்னைக்கு வர மாட்டேன்'னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு போன். நான் சம்ப் மூடியைத் திறக்காம, கீழ் வீட்டு சாரைப் பனியனோட நிக்க வைக்காம, கதவைச் சாத்திட்டு ஆபீஸுக்குப் போயிடுவேன். போன் பண்ண பேலன்ஸ் இல்லையா? ஒரு மிஸ்டு கால் குடுங்கப்பா போதும், நானே கூப்பிடறேன்.